எல்லைக்கோட்டுக்கு வெளியே: எளியோர் அணியின் பெருமிதமும் மலையக இரசிகனும்

1

மலைநாட்டிற் சமதரை அரிது. அட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியா செல்லும் பாதையின் இருமருங்கும் சரிவுகளே. சரிவுகளோ தேயிலைக்கு உரியன. அரிதாகக் கிடைத்த சமதரையிற் பெரும்பகுதி தேயிலை ஆலைக்கும் துரையின் பங்களாவுக்கும் அதன் புற்றரைக்கும் உரியதாயிற்று. எஞ்சியவற்றுட் பெயர்பெற்ற இரண்டு, வெள்ளைத் துரைமாரின் கழகங்களுக்குரிய மைதானங்களாயின. ஒன்று நானுஓயாவுக்கு அண்மையிலுள்ள ராதெல்ல. மற்றது அட்டனுக்கு அண்மையிலுள்ள தரவளை. துரைமார் அங்கே கிரிக்கெட்டும் றகரும் ஆடிய காலத்திலே தோட்டத் தொழிலாளிக்குரிய இடம் எல்லைக்கோட்டுக்கு வெளியிலேயே இருந்தது. ஆட்டம் அவனுக்குரியதன்று, பார்வை மட்டுமே அவனுக்குரியது.

ஆயினும் பார்வை என்பது எளிதான செயலன்று. பார்ப்பவன் ஏதேனும் ஒரு பக்கம் சாய்கிறான். சாய்ந்த பக்கம் வெல்லும்போது நிமிர்கிறான். வலிய அணியின் பக்கம் சாய்பவனுக்கு வெற்றி வழக்கமான வருவாய் போன்றது. எளியோர் அணியின் பக்கம் சாய்பவனோ பலமுறை தோற்று, ஒருமுறை வெல்கிறான். அந்த ஒருமுறையைத் தலைமுறைகளுக்குச் சேமித்து வைக்கிறான். 1911ஆம் ஆண்டு யூலை 29இல் கல்கத்தாவிலே மோகன் பகான் உதைபந்தாட்டக் கழகத்தினர், பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யோர்க்சயர்ப் படைப்பிரிவின் அணியை 2-1 எனும் கணக்கில் வென்றனர். அந்த இரண்டு கோல்கள் இன்றும் வங்காளத்தில் நினைக்கப்படுவதற்குக் காரணம் ஆட்டத்தின் நுட்பம் மட்டுமன்று. ஆட்சியால் தாழ்த்தப்பட்ட மக்கள், ஆள்வோரும் தாமும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு நின்ற ஒரு மாலைப்பொழுதை அதிலே கண்டனர்.

இத்தகைய பெருமிதத்தின் இயல்பு யாது? கலைப்படைப்புகள் அதனை எவ்வாறு கையாண்டுள்ளன? குறிப்பாக, நெடுங்காலம் குடியுரிமையற்றிருந்த மலையகத் தமிழ் மக்களின் வாழ்விலே, நாட்டின் அணியைப் பற்றிய பெருமிதம் எதனைக் குறித்தது? இவ்வினாக்களுக்கு விடைகாண மூன்று படைப்புகளை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. அவை சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட 'பியோண்ட் எ பவுண்டரி' எனும் நூல், 2001இல் வெளிவந்த 'லகான்' எனும் இந்தித் திரைப்படம், 2023இல் வெளிவந்த '800' எனும் தமிழ்த் திரைப்படம் என்பனவாம். முதலாவது பார்ப்பவனை மையமாகக் கொண்டது. இரண்டாவது அணியை மையமாகக் கொண்டது. மூன்றாவது வீரனை மையமாகக் கொண்டது. இவ்வேறுபாடு வெறும் உத்தி வேறுபாடன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2

டிரினிடாட் தீவைச் சேர்ந்த ஜேம்ஸ், மார்க்சிய சிந்தனையாளர், வரலாற்றாசிரியர். அவருடைய நூல் ஒரு சன்னலில் தொடங்குகிறது. டுனபுனா எனும் சிற்றூரிலே, மைதானத்தை நோக்கிய வீட்டின் சன்னலருகே கதிரையொன்றின்மேல் ஏறிநின்று ஆட்டத்தைப் பார்க்கும் சிறுவனே அதன் முதற் பாத்திரம். அவன் கண்ட ஆட்டக்காரருள் ஒருவன் ஊரார் இகழும் ஒழுங்கற்ற வாழ்வினன். ஆனால் மட்டையைக் கையிலெடுத்ததும் அவனிடத்தே ஓர் அழகு பிறக்கிறது. ஊரார் மதிப்பில் கீழ்நிலையில் வைக்கப்பட்ட ஒருவனிடத்தே அத்தகைய அழகு எவ்வாறு குடிகொண்டது என்ற வியப்பே அச்சிறுவனின் திறனாய்வுப் பார்வைக்கு வித்தாகிறது.

அந்நூலின் மிக நேர்மையான பகுதி, ஆசிரியர் தம்மையே விசாரணைக்கு உட்படுத்தும் பகுதியாகும். அன்றைய டிரினிடாட்டின் கழகங்கள் நிறத்தாலும் வர்க்கத்தாலும் பிரிந்திருந்தன. கல்வி கற்ற இளைஞரான ஜேம்ஸ், மாநிறத்து நடுத்தர வகுப்பினரின் மேப்பிள் கழகத்திற் சேர்ந்தார். கறுப்பின மக்களின் கீழ்நடுத்தர வகுப்பினர்க்கு உரியதாய் விளங்கியது ஷானன் கழகம். லியரி கொன்ஸ்டன்டைன் ஆடிய அக்கழகத்தினர், தாம் ஆடுவது தமக்காக மட்டுமன்று என்ற உணர்வோடு ஆடினர். அவர்களைக் காண வந்த மக்களும் அதனை அறிந்திருந்தனர். தாம் ஷானனைத் தவிர்த்து மேப்பிளைத் தெரிந்தமை தம் அரசியல் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் பின்தள்ளிற்று என்று ஜேம்ஸ் பிற்காலத்தில் உணர்ந்தார். எந்த அணியில் நிற்கிறான், எந்த அணிக்காக மகிழ்கிறான் என்பன ஒருவனின் சமூகப் பிரக்ஞையை வெளிப்படுத்தும் செயல்கள் என்பதை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது.

ஜேம்ஸ் அந்தப் பெருமிதத்தைக் கொண்டாட்டத்தோடு நிறுத்திவிடவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. மேற்கிந்திய அணியின் தலைமை வெள்ளையர்க்கே உரியது என்ற வழக்கத்தை எதிர்த்து, பிராங்க் வொரெல் தலைவராதல் வேண்டும் எனப் பத்திரிகை வாயிலாக அவர் போராடினார். 1960-61இல் அவுஸ்திரேலியா சென்ற அணிக்கு வொரெல் தலைமை தாங்கினார். இரசிகனின் பெருமிதம் உரிமைக் கோரிக்கையாக மாறிய தருணம் அது. பெருமிதத்தை அளக்கும் கோல் ஒன்றை ஜேம்ஸ் இவ்வாறு தந்துள்ளார் எனலாம். அப்பெருமிதம் பார்ப்பவனை எதனைக் கேட்கத் தூண்டுகிறது என்பதே அக்கோல்.

3

அசுதோஷ் கோவாரிகரின் 'லகான்' 1893ஆம் ஆண்டிலே சம்பானேர் எனும் கற்பனைக் கிராமத்தில் நிகழ்கிறது. மழை பொய்த்த ஆண்டிலே, ஆங்கிலேய அதிகாரியொருவன் கிராமத்தவரைக் கிரிக்கெட் ஆட்டத்துக்கு அறைகூவுகிறான். வென்றால் மூன்றாண்டு வரி இல்லை. தோற்றால் மும்மடங்கு வரி. ஆட்டத்தின் பெயரையும் அறியாத உழவர் அணி ஒன்றைத் திரட்டுகின்றனர். எளியோர் அணி பற்றிய கதைகள் யாவற்றுக்கும் பொதுவான அமைப்பு இது. முடிவு முன்னரே தெரிந்ததுதான். எனினும் இறுதி ஓவரிலே மூச்சடக்கிப் பார்க்க வைக்கும் ஆற்றல் படத்துக்கு உண்டு.

படத்தின் உண்மையான ஆழம் கச்ரா எனும் பாத்திரத்தில் உள்ளது. கச்ரா தீண்டத்தகாதவனாக ஒதுக்கப்பட்டவன், கை ஊனமுற்றவன். அந்தக் கையிலிருந்து எறியப்படும் பந்து வியப்புறத் திரும்புகிறது. அவனை அணியிற் சேர்க்க நாயகன் புவன் முற்படும்போது, ஏனையோர் அவனோடு சேர்ந்து ஆட மறுக்கின்றனர். ஆள்வோரால் எளியோராக்கப்பட்ட அணிக்குள்ளேயே தம்மினும் எளியான் ஒருவனை வெளியே நிறுத்தும் எல்லைக்கோடு இருந்தமையைப் படம் மறைக்கவில்லை. அது அதன் சிறப்பு. ஆயின் புவனின் ஓர் உரையோடு அக்கோடு அழிந்துவிடுவதும், கச்ரா தன் விருப்பத்தைத் தன் வாயாற் கூறப் பெரிதும் இடம்பெறாமையும் அதன் குறைபாடுகள். அவனை உள்ளே அழைப்போர் பிறர். வேண்டும்போது பயன்படுத்துவோரும் பிறர்.

இறுதிப் பந்திலே நடுவர் 'நோ-போல்' என அறிவிக்கிறார்; அதனால் கிடைத்த மேலதிகப் பந்தே கிராமத்தவர்க்கு வெற்றியைத் தருகிறது. நடுவர் நீதிமான், விதி எளியோனைக் காக்கிறது. வளைந்த கையுடைய மற்றொரு பந்துவீச்சாளனின் உண்மை வாழ்விலே, அதே அறிவிப்பு வேறொரு பொருளை ஏற்றிருந்தது. அதனைப் புரிந்துகொள்ளுமுன், அவன் யாருடைய பெருமிதமாக விளங்கினானோ அந்த மக்களின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

4

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. தலவாக்கலையின் உறுப்பினராகத் தெரிவானவர், பின்னர் மலையக இலக்கியத்தின் முன்னோடியாகப் போற்றப்பட்ட சி. வி. வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களுட் பெரும்பாலோரைக் குடிமக்கள் அல்லாதோராக்கிற்று. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 மக்களைத் தொகைகளாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பின்னர் முடிவு செய்யப்படுவர் என்பது கணக்கு. மலைநாட்டு இரயில் நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிக் குடும்பங்கள் பிரிந்து சென்றன.

அதே காலப்பகுதியில் இலங்கைக் கிரிக்கெட் அணியும் அங்கீகாரத்துக்காகக் காத்திருந்தது என்பது வரலாற்றின் முரண்நகை. 1975இல் இலண்டன் ஓவல் மைதானத்திலே, அவுஸ்திரேலியாவின் 328 ஓட்டங்களைத் துரத்திய அவ்வணியின் துடுப்பாட்ட வீரர் இருவர் ஜெப் தொம்சனின் பந்துவீச்சால் காயமுற்று வைத்தியசாலை சென்றனர். அணி தளராது ஆடி 276 ஓட்டங்கள் பெற்றுத் தோற்றது. 1981இல் டெஸ்ட் தகுதி கிடைத்தது. முதல் டெஸ்ட் வெற்றி 1985இல் வந்தது. நாடற்றோரின் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் நிறைவேறின. அணிக்கு உலகின் அங்கீகாரம் முன்னர் வந்தது. மக்களுக்குச் சொந்த நாட்டின் அங்கீகாரம் பின்னர் வந்தது.

இவ்விரண்டு சட்டங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்ததே 1996ஆம் ஆண்டு உலகக் கிண்ண வெற்றி. சனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கி மீது நிகழ்ந்த குண்டுத் தாக்குதலையடுத்து, அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் ஆட மறுத்தன. மார்ச் 17இல் லாகூரிலே அதே அவுஸ்திரேலியா 241 ஓட்டங்களை எடுக்க, இலங்கை மூன்று விக்கெட்டுகளை மட்டும் இழந்து 245ஐ எட்டிற்று. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது 107 ஓட்டங்கள் பெற்றார். அவ்விறுதியாட்டத்திலே பத்து ஓவர்கள் வீசி 31 ஓட்டங்களுக்கு ஒரு விக்கெட் பெற்ற முத்தையா முரளிதரன், அப்பதினொருவருள் ஒரே தமிழர். அவருடைய பாட்டனார் 1920ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, பின்னர் திரும்பிச் சென்றவர். தந்தையாரோ கண்டியிலே தங்கினார்.

மலையக இரசிகனின் பெருமிதம் ஒற்றை இழையாலானதன்று. தமிழகத்து வானொலியும் திரைப்படமும் அவனுடைய இல்லத்துப் பொருள்களாயிருந்தன. பெற்றோர் உடன்பிறந்தோர் அக்கரையில் இருந்தனர். இந்தியாவும் இலங்கையும் மோதும்போது அவன் யாருக்காகக் கைதட்டுகிறான் என்பது அவனைச் சூழ்ந்தோரின் ஐயப்பார்வைக்கு உரியதாயிருந்தது. 1990இல் இங்கிலாந்தின் அரசியல்வாதி நோர்மன் டெபிட், குடியேறியோர் எந்த அணியை ஆதரிக்கின்றனர் என்பதைக் கொண்டு அவர்தம் விசுவாசத்தை அளக்கலாம் என்னும் கருத்தை வெளியிட்டார். அத்தகைய பரீட்சை இலங்கை மலைகளிலே பெயரின்றி நெடுநாள் நிகழ்ந்தது எனலாம். 1996 மார்ச் 13இல் ஈடன் தோட்டத்திலே இவ்விரு நாடுகளும் அரையிறுதியில் மோதியபோது, இலங்கையின் பக்கம் ஒரு முரளிதரன் நின்றார். அவரால் அந்தப் பரீட்சையின் வினாவே சிக்கலாயிற்று. தன் இனத்தவன் ஒருவன் உள்ளே ஆடும் அணியைத் தன் அணி என்று சொல்வதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. குடியுரிமைச் சான்றிதழுக்கு முன்பே வந்த குடியுரிமைக் கூற்று அது.

5

எம். எஸ். ஸ்ரீபதி இயக்கிய '800', இந்த மாபெரும் பொருளைத் தொடும் வாய்ப்பைப் பெற்ற படம். தேயிலைத் தோட்டத்துக்கு வந்த மரபில் தோன்றிய ஒருவனின் வாழ்வைத் தமிழ்த் திரை முழுநீளக் கதையாக எடுத்தாண்டமை ஒரு பேறு. 1977ஆம் ஆண்டு வன்செயலிலே அக்குடும்பத்தினர் அடைந்த இழப்பைப் பேசியமையும், பந்துவீச்சு முறைபற்றிய பிணக்கைக் கதையின் முதன்மைப் போராட்டமாக்கியமையும் பாராட்டத்தக்கன. மதுர் மிட்டல் அப்பாத்திரத்தை ஆரவாரமின்றி ஏற்று நடித்துள்ளார்.

பந்துவீச்சுப் பிணக்கு நாடகத் தன்மை மிக்கது என்பதில் ஐயமில்லை. பிறவியிலேயே முழங்கை முழுதும் நிமிராத ஒருவரை, 1995 டிசம்பர் 26இல் மெல்போணிலே நடுவர் டரல் ஹெயர் பந்தை எறிகிறார் எனக் கூறி ஏழுமுறை 'நோ-போல்' என அறிவித்தார். ஆய்வுகூடங்களிலே அவருடைய கை அளக்கப்பட்டது. எறிவதாகத் தோன்றுவது கண்ணின் மயக்கம் என அறிஞர் கூறினர். 1999 சனவரியில் அடிலெயிட்டில் நடுவர் றொஸ் எமர்சன் மீண்டும் அவ்வாறே அறிவித்தார். 2005இலே பந்துவீச்சாளர் யாவரும் 15 பாகை வரை முழங்கையை நிமிர்த்தலாம் என்ற பொதுவிதி வந்தது. 'லகா'னிலே எளியோனைக் காத்த அறிவிப்பு, இங்கே எளியோனை உலகின்முன் குற்றவாளியாக நிறுத்திற்று. தன் கையையும் தன் இருப்பையும் மீண்டும் மீண்டும் மெய்ப்பிக்குமாறு பணிக்கப்பட்டவன் அவன். சான்றிதழ் காட்டித் தம் இருப்பை மெய்ப்பிக்குமாறு அரைநூற்றாண்டு பணிக்கப்பட்ட மக்களுக்கு இக்கதையின் உட்பொருள் விளக்கமின்றியே விளங்கும்.

அந்த ஒப்புமையைப் படம் பற்றிக்கொள்ளத் தவறியமையே அதன் பெருங்குறை. படத்தின் பெயர் ஓர் எண். காலியிலே 2010 யூலை 22இல் தமது கடைசி டெஸ்டின் கடைசி விக்கெட்டாக எண்ணூறாவதை முரளிதரன் பெற்றமை உலக வியப்பு. ஆயின் எண்ணை நோக்கி நகரும் கதையிலே மனிதர் எண்ணின் படிக்கட்டுகளாகி விடுகின்றனர். நாயகனை உயர்த்தும் திரைமரபுக்கு இயைய, அணி பின்னணியாகிறது. பார்ப்போர் பெரிதும் ஆரவாரமாகின்றனர். தேயிலைமலையின் இரசிகன் எந்த உணர்வோடு அவரை நோக்கினான், அந்த நோக்கிலே எவ்வளவு நம்பிக்கையும் எவ்வளவு அச்சமும் கலந்திருந்தன என்பதற்குப் படத்திலே போதிய இடமில்லை.

படம் உருவாகுமுன் எழுந்த சர்ச்சையும் இதே குறையின் மறுபக்கமே. 2020 ஒக்டோபரிலே, இலங்கைப் போரின் முடிவையொட்டி முரளிதரன் வெளியிட்ட கருத்துகளைச் சுட்டித் தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது. நாயகனாக நடிக்கவிருந்த விஜய் சேதுபதி, முரளிதரனின் வேண்டுகோளையடுத்து விலகினார். போரிலே உறவினரை இழந்தோரின் வேதனை மதிக்கத்தக்கது. பொது மனிதர் ஒருவரின் அரசியற் கூற்றுகள் விமரிசனத்துக்கு உரியனவே. எனினும் அவ்விவாதத்திலே மலையகம் என்ற தனி வரலாறு பெரும்பாலும் பேசப்படாமற் போயிற்று. ஒருசாரார் அவரைத் தமிழினத்தின் குரலாக வேண்டினர். மறுசாரார் நாட்டொற்றுமையின் சின்னமாக வேண்டினர். ஒரு பந்துவீச்சாளனின் தோளில் இத்தனை சுமைகளை ஏற்றியோர், அச்சுமைகளுக்குரிய மக்களிடம் எதனையும் கேட்டிலர்.

இங்கு மலையக இரசிகனும் தன்னை விசாரித்தல் தகும். முரளிதரன் லயக் காம்பிராவிலிருந்து மைதானத்துக்கு வந்தவரல்லர். கண்டியிலே இனிப்பு, பிஸ்கட் உற்பத்தித் தொழில் நடத்திய குடும்பத்தவர். கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியின் மாணவர். அக்கல்லூரியிலே மைதானமும் பயிற்றுநரும் இருந்தனர். அங்கேதான் வேகப்பந்து வீசிய சிறுவன் சுழற்பந்து வீச்சாளனாக மாற்றப்பட்டான். தேயிலைச் சரிவிலே பிறந்த பிள்ளைக்குச் சமதரையும் பயிற்றுநரும் எளிதிற் கிட்டுவனவல்ல. திறமை மலைகளிலே இல்லாமற் போகவில்லை. அது உருண்டோடுவதற்குத் தரையில்லை. வீரனைக் கொண்டாடுவோர் இந்த வர்க்க வேறுபாட்டை மறப்பாராயின், பெருமிதம் உரிமைக்கு மாற்றாகக் கொடுக்கப்படும் இனிப்பாகிவிடும்.

6

மூன்று படைப்புகளையும் ஒருசேர நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகிறது. எளியோர் அணியின் பெருமிதம் வெற்றியிலிருந்து பிறப்பதன்று. அது தோல்விக் காலத்திலேயே பிறந்து, வெற்றியை எதிர்நோக்கி நிற்பது. எனவே அதன் வரலாற்றை எழுதவேண்டியவர் வென்றவனின் வாழ்க்கை வரலாற்றாசிரியர் அல்லர். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றவரே. ஜேம்சுக்கு இது தெரிந்திருந்தது. 'லகான்' இதனை ஓரளவு உணர்ந்தது. '800' இதனைத் தவறவிட்டது.

மலையகத் தமிழ் இலக்கியம் உழைப்பையும் பிரிவையும் உரிமைப் போராட்டத்தையும் செம்மையாகப் பதிவுசெய்துள்ளது. கொழுந்துக்கூடையும் பெரட்டுக்களமும் தலைமன்னார்த் துறையும் அதன் நிலைக்களங்கள். உழைப்பின் பின் எஞ்சிய பொழுதிலே அம்மக்கள் எதனைப் பார்த்தனர், எதற்காக மகிழ்ந்தனர், யாருடைய வெற்றியைத் தமதாக்கினர் என்பனவும் அவ்வரலாற்றின் பகுதிகளே. மக்களின் துயரத்தை அறிந்த இலக்கியம் அவர்தம் மகிழ்ச்சியின் அரசியலையும் அறிதல் வேண்டும். '800' வெளிவந்த அதே 2023ஆம் ஆண்டிலேதான், முன்னோர் வந்த இருநூறாண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். காணியுரிமையும் வீட்டுரிமையும் நியாயமான கூலியும் அந்நடையின் கோரிக்கைகளுட் சில. ஒன்று திரையிலே ஒருவனின் பயணம். மற்றது தெருவிலே பலரின் பயணம். இரண்டையும் இணைத்து நோக்கும் படைப்பு தோன்றும்போதே முரளிதரனின் கதை முழுமை பெறும்.

1999ஆம் ஆண்டு அடிலெயிட் நிகழ்ச்சியொன்று அத்தகைய படைப்பாளிக்காகக் காத்திருக்கிறது. நடுவர் 'நோ-போல்' என அறிவித்ததும், அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் வீரர் அனைவரையும் எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று நிறுத்தினார். நாட்டிலே இனப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு தமிழனின் பொருட்டு, பெரும்பாலும் சிங்களவரைக் கொண்ட ஓர் அணி ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கோட்டின்மேல் நின்றது. ஆட்டம் பின்னர் தொடர்ந்தது. இலங்கை ஒரு விக்கெட்டினால் வென்றது. அந்நாட்டின் பாராளுமன்றம் அதேபோன்று ஒருமுறை 1948இல் நின்றிருப்பின் என்ற எண்ணம், அக்காட்சியைக் கண்ட மலையக இரசிகனின் பெருமிதத்துக்குள் ஒரு முள்ளாகத் தைத்திருக்கும். அம்முள்ளை நீக்காமலே எழுதுவதுதான் இனி வரும் இலக்கியத்தின் கடன்.